குறி தப்பும் .22: விலை குறைந்த போல்ட் ரைபிளில் கோளாறு கண்டு நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் .22 லாங் ரைபிள் தோட்டாவைச் சுடும் போல்ட் ரைபிள் (போல்ட் எனும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) ஒன்றைச் சிக்கனமாக வாங்க நினைப்பவர் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் கேள்விப்படுவார். 2012இல் வெளிவந்த ருகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் ஒன்று. கனடாவின் லேக்ஃபீல்ட் நிறுவனம் வழியாகச் சாவேஜிடம் வந்து சேர்ந்த மார்க் 2 இன்னொன்று. இவ்விரண்டையும்விடச் சற்று விலை கூடிய, செக் நாட்டின் சிசெட் 457 மூன்றாவது. மூன்றுமே கொடுத்த காசுக்கு மேல் சுடக்கூடியவை. ஆனால் புதிதாக வாங்கியவர் இலக்குத் தாளில் துளைகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்த மறுநாளே புதிய குழல், குழலையும் மற்ற பாகங்களையும் தாங்கும் உடற்பகுதியான ஸ்டாக், புதிய விசை எனத் தேடத் தொடங்கிவிடுகிறார். கோளாறு பெரும்பாலும் தளர்ந்த ஒரு திருகிலோ, ஒத்துவராத தோட்டாவிலோ, சரியாகப் பொருத்தாத ஸ்கோப்பிலோதான் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருக்கும் என்பதால், செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவுள்ள மாற்றங்களைக் கடைசியிலும் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாது.

கீழே சொல்லப்படும் எந்தச் சோதனைக்கும் முன் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சுடப்படும் தோட்டா அமரும் அறையான சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்ததோடு சுண்டு விரலாலும் தடவி உறுதிசெய்து, பிறகு போல்ட்டையே வெளியே எடுத்துவிட வேண்டும். தோட்டாக்கள் அதே மேசையில் இருக்கக் கூடாது.

அளவுகோலையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 50 கெஜத் தூரம், முன்னும் பின்னும் மணல் பை, காற்றில்லாத காலை, ஒரே பெட்டித் தோட்டா, ஒரு குரூப்புக்கு, அதாவது ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுடும் துளைத் தொகுப்புக்கு, பத்துக் குண்டு. மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்த தாளைப் படமெடுத்துக் காட்டுபவர்கள் நிறைய உண்டு. அது ரைபிளைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய அதிர்ஷ்டத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது. இந்தத் தூரத்தில் ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். நல்ல தோட்டாவோடு பத்துக் குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால், இந்த விலைக்கு அந்த ரைபிள் ஆரோக்கியமாகவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

துளைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறுகின்றன

முதலில் திருகுகள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள், வளையங்களைத் தாங்கும் அடித்தளம், ஆக்ஷனை (போல்ட்டும் அது ஓடும் உலோகக் கூடும் சேர்ந்த பகுதி) ஸ்டாக்கோடு இணைக்கும் திருகுகள் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும். கைப்பதத்தில் இறுக்குவது போதாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அங்குல-பவுண்டில் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று இந்தப் பொழுதுபோக்கில் வாங்கும் முதல் கருவியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளிருக்கும் பாகங்கள் சிக்கிக்கொள்ளும். ஆக்ஷன் திருகுகளுக்கு ரைபிளின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள், ஏனெனில் பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கும் மர ஸ்டாக்குக்கும் உலோகப் படுகை உள்ள ஸ்டாக்குக்கும் அது வேறுபடும். திருகுகளையும் மறைகளையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, ரைபிளை நிமிர்த்தி அடிக்கட்டை தரையில் படும்படி வைத்து, முன் திருகையும் பின் திருகையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் ஆக்ஷன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும்.

திருகுகள் சரியாக இருந்தும் சிதறல் தொடர்ந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். .22 ரைபிளில் தோட்டாவைப் போல் பலன் தரும் உதிரிப் பாகம் வேறு எதுவும் இல்லை. மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 1,200 அடிக்கு மேல் புறப்பட்டு, 100 கெஜத்தை எட்டும் முன்பே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகின்றன. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தடுமாறுகிறது. 15 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,116 அடி. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி எனப்படும் வகை 1,070 அடி அளவில் புறப்படுவதால் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவின் சிசிஐ, ஜெர்மனியின் எஸ்கே, இங்கிலாந்தின் இலே என நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு குரூப் சுட்டுப் பார்ப்பது புதிய ஸ்டாக்கின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது.

இந்தச் சோதனையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தக் குண்டுகள் ஈயத்தாலானவை. அவற்றின் மேல் மெழுகோ கிரீஸோ தடவப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பூச்சைப் பயன்படுத்துவதால், வகையை மாற்றியதும் குழலின் உட்புறம் புதிய பூச்சுக்குப் பழகச் சில குண்டுகள் தேவைப்படும். ஆகவே மாற்றிய பிறகு முதல் பத்து, இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தீர்த்துவிட்டு, அதன் பிறகே குரூப்பை அளக்க வேண்டும். நன்றாகச் சுடும் வகை கிடைத்ததும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒன்றாகத் தயாரித்த தொகுதியின் எண்ணை, குறித்துக்கொண்டு, அதே எண்ணில் முடிந்தவரை வாங்கி வையுங்கள். ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட் என்றால் அது கிட்டத்தட்ட வேறு தோட்டாதான்.

குழல் முனையில் மறை வெட்டிய ரைபிள்களில் அதன் மேல் ஒரு மூடி இருக்கும். சுடச்சுட அது தளர்ந்துவிடும். அரைச் சுற்றுத் தளர்ந்த மூடி குரூப்பைக் கெடுத்த பின் ஸ்கோப்பின் மீது பழி போட்டவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் சுடும் முன் விரலால் திருகிப் பாருங்கள். மூடியைக் கழற்றியதும் குழல் வாயின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அங்கே தட்டுப்பட்ட தழும்போ பிசிரோ இருந்தால் அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை.

முன்பு நன்றாகச் சுட்டது, இப்போது மெல்ல மெல்லக் கெட்டுவருகிறது

சேம்பர் முடிந்து குழலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் கரி ஒரு வளையமாகப் படிந்து இறுகிவிடும். அடையாளம் காண்பது எளிது: தோட்டாவை உள்ளே தள்ளும்போது கடைசிச் சிறு தூரத்தில் முன்பு இல்லாத இறுக்கம் தெரியும்; சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் குண்டில் புதிய கோடுகள் இருக்கும். கரி கரைக்கும் திரவத்தில் நனைத்த துணித்துண்டைச் சேம்பரின் முன்பகுதியில் சில நிமிடங்கள் நிற்கவிட்டு, பிறகு வெண்கலப் பிரஷால் அந்த இடத்தை மட்டும் மென்மையாகச் சுழற்றித் தேய்த்தால் போதும். குழல் முழுவதும் துணித்துண்டை மட்டும் இழுங்கள், அதுவும் எப்போதும் சேம்பர் பக்கத்திலிருந்து வாய் நோக்கி. ஈயக் குண்டுக்குச் செம்புக் கரைப்பான் தேவையில்லை. வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியைச் செலுத்திச் சுத்தம் செய்வதால் வரும் கேடு, சுத்தம் செய்யாமல் விடுவதால் வரும் கேட்டைவிடப் பெரியது. நன்கு துடைத்த குழல் முதல் சில குண்டுகளை வேறு இடத்தில் போடுவது இயல்பு. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துளைகள் மேலும் கீழுமாக ஒரே நெடுக்குக் கோட்டில் விழுகின்றன

இது பெரும்பாலும் குண்டுகளின் புறப்பாட்டு வேகம் ஒன்றுக்கொன்று மாறுவதன் விளைவு. வினாடிக்கு 50 அடி வேறுபட்டால் 50 கெஜத்தில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வரும். 100 கெஜத்தில் அதே வேறுபாடு 4 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். ஆகவே 50 கெஜத்தில் குறை தெரியாத தோட்டா 100 கெஜத்தில் ஏமாற்றுவதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. வேகமானியால் பத்துக் குண்டுகளை அளந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

வேகம் சீராக இருந்தும் நெடுக்குச் சிதறல் வந்தால், முன் திருகு தளர்ந்திருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். அடிக்கட்டையின் கீழே உள்ள மணல் பையை ஒவ்வொரு குண்டுக்கும் வெவ்வேறு அளவில் பிதுக்குகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். ஸ்கோப்பின் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவது, இன்னொரு காரணம்; ஸ்கோப் அமைக்கப்பட்ட தூரத்தில் மட்டும் அது இருக்காது. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில், சரிசெய்யும் குமிழ் இல்லாதவை பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். ரிம்ஃபயர், அதாவது .22 போன்ற சிறு தோட்டா ரைபிள்களுக்கான ஸ்கோப்புகள் பொதுவாக 50 கெஜத்துக்கு. ரைபிளைப் பைகளின் மேல் அசையாமல் வைத்து, தொடாமல், கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால், உங்கள் கன்னம் அமரும் இடம் மாறும்போதெல்லாம் குறியும் மாறுகிறது என்று பொருள்.

கன்னத்தின் இடம் மாறுவதற்கு ஸ்டாக்கின் மேல்விளிம்பு தாழ்ந்திருப்பதே வழக்கமான காரணம். ஸ்கோப் இல்லாத காலத்து உயரத்தில் செய்யப்பட்ட ஸ்டாக்கில் தலையைத் தூக்கியபடிதான் பார்க்க நேரிடும். ருகரில் மாற்றிப் பொருத்தும் உயரமான பகுதி உண்டு. மற்றவற்றில் உறுதியான நுரைத் தகட்டை வெட்டி வைத்து, மேலே துணி நாடாவைச் சுற்றினால் சில டாலரில் வேலை முடிந்துவிடும். போல்ட் பின்னால் வரும்போது அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கவனிக்க வேண்டியது.

பையின் மேல் ஓர் இடத்திலும் பைபாட் (முன்பகுதியில் மாட்டும் இருகால் தாங்கி) போட்டால் வேறு இடத்திலும் விழுகிறது

மலிவான ரைபிளில் நிறுவனங்கள் சிக்கனம் பிடிக்கும் இடம் பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதி. ஒரு டாலர் நோட்டை மடிக்காமல் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்து ஆக்ஷன் வரை இழுத்துப் பாருங்கள். கையில் வைத்திருக்கும்போது தடையின்றி ஓடும் நோட்டு, பைபாடை ஊன்றி உடல் எடையைச் சற்று முன்னே சாய்த்ததும் ஒரு பக்கம் சிக்கிக்கொள்ளும். ஸ்டாக் வளைந்து குழலைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குழல் அதிரும் விதம் மாறுவதால் குறியும் நகர்கிறது.

இதற்கு மூன்று படிகளில் தீர்வு உண்டு. செலவில்லாதது, பைபாடை விட்டுவிட்டு, மேகசினுக்குச் சற்று முன்னால் பையை வைத்துச் சுடுவது. அடுத்தது, ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குழல் பள்ளத்தை இருபுறமும் சமமாகத் தேய்த்து அகலப்படுத்துவது. போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவர் அமரும் இடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. மூன்றாவது, முன்பகுதியின் உள்ளே இருக்கும் வெற்றறைகளைச் சொரசொரப்பாக்கி, உலோகக் கம்பி ஒன்றை வைத்து, எபாக்ஸி ஊற்றி விறைப்பாக்குவது. எல்லா வகைப் பிளாஸ்டிக்கிலும் எபாக்ஸி ஒட்டாது என்பதால் பசையை மட்டும் நம்பாமல் உட்சுவரில் சிறு துளைகள் போட்டு, அது பிடித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். இதைச் செய்தபின் எடை கூடும்; இலக்குச் சுடுவோருக்கு அது நல்லதே. ருகரில் ஆக்ஷன் உலோகப் படுகையில் அமர்ந்திருப்பதால் பின்பகுதியில் கவலை குறைவு, முன்பகுதி மட்டும் மற்றவற்றைப் போலவே வளையும்.

துளைகள் பக்கவாட்டில் மட்டும் பரவினால் ஸ்டாக்கைக் குறைசொல்லும் முன் காற்றை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 100 கெஜத்தில் இந்தச் சிறு குண்டை ஏறத்தாழ 4 முதல் 5 அங்குலம் தள்ளும்.

ஸ்கோப்பைத் திருப்பியும் குறி சொன்னபடி நகரவில்லை

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ஒரு கிளிக்குக்கு கால் கோண நிமிடம் என்று எழுதப்பட்ட ஸ்கோப்பில், 50 கெஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த எட்டுக் கிளிக் வேண்டும். நான்கு என்பது 100 கெஜத்துக்கான கணக்கு. கணக்குச் சரியாக இருந்தும் நகராவிட்டால் அடித்தளத்தைப் பாருங்கள். சிசெட் 457இன் ரிசீவரில் ஸ்கோப் வளையங்கள் கவ்விக்கொள்ளும் 11 மில்லிமீட்டர் வால்பள்ளம் உள்ளது. ருகரில் இருப்பதோ எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர், கூடவே ருகர் 10/22 வகை அடித்தளத்துக்கான துளைகளும் உண்டு. ஒன்றின் வளையத்தை மற்றொன்றில் வலிந்து பொருத்தினால் பார்வைக்கு இறுகியதுபோல் இருக்கும். பத்துக் குண்டுக்குள் நழுவத் தொடங்கிவிடும்.

ஸ்கோப்பின் குமிழை மேலும் திருப்ப முடியாமல் எல்லையே முடிந்துபோகிறது என்றால் எந்தத் திசையில் முடிகிறது என்று கவனியுங்கள். இடவலத்தில் முடிந்தால் வளையங்கள் நேர்கோட்டில் இல்லை. உயரத்தில், அதுவும் 100 கெஜத்துக்கு அப்பால் மட்டும் முடிந்தால் அது கோளாறு அல்ல. 50 கெஜத்தில் நேர்செய்த ஸ்டாண்டர்ட் வெலாசிட்டித் தோட்டா 100 கெஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் கீழே விழும், அதற்கு மேல் வீழ்ச்சி வேகமாகப் பெருகும். 200 கெஜம் வரை சுட விரும்புவோர் 20 கோண நிமிடச் சாய்வுள்ள அடித்தளத்தைப் பொருத்திக்கொள்வது வழக்கம்.

விசையை இழுத்தால் “டிக்” என்ற ஓசை மட்டும் வருகிறது

குழலை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது 30 வினாடி காத்திருந்து, பிறகு போல்ட்டைத் திறங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது என்றாலும் உண்டு. ஓசை வழக்கத்தைவிட மெலிதாக வந்திருந்தால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. போல்ட்டைக் கழற்றிக் குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, குண்டு சிக்கியிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு நகர வேண்டும்.

வெடிக்காத தோட்டாவின் விளிம்பை, வெடித்த தோட்டா ஒன்றோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே ஆழத்தில் செவ்வகத் தழும்பு இருந்தால் குற்றம் தோட்டாவினுடையது: ரிம்ஃபயரில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது, அது ஓரிடத்தில் பரவாமல் விட்டிருந்தால் ஊசி அடித்தும் பயனில்லை. தழும்பு ஆழமின்றி இருந்தால் குற்றம் ரைபிளினுடையது. போல்ட்டுக்குள் தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் கட்டியாகி ஊசியின் வேகத்தைக் குறைத்திருக்கலாம், குளிர்காலத்தில் இது சாதாரணம். கையேட்டின்படி போல்ட்டைப் பிரித்து, கிரீஸை நீக்கி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மீண்டும் பூட்டுங்கள்.

தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவோர், கையேடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுமதிக்காத ரைபிளில் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதி அங்கே பிசிர் எழுப்பும்; பிறகு தோட்டா நுழைவதும் வெளிவருவதும் கடினமாகும். சுவரில் திருகு அடிக்கப் பயன்படும் மஞ்சள் நிறச் சிறு பிளாஸ்டிக் குச்சியைச் சேம்பரில் வைத்துப் பழகுவது அமெரிக்காவில் எல்லோரும் அறிந்த மலிவான ஏற்பாடு.

சாவேஜில் இன்னொரு தனி அறிகுறி உண்டு. அக்கியூட்ரிகர் எனப்படும் அதன் விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் அந்தத் தகட்டை முழுமையாக அழுத்தாமல் பக்கவாட்டில் விசையை இழுத்தால் உள்ளமைப்பு தடுத்து நிறுத்திவிடும். ரைபிள் செத்ததுபோல் ஆகிவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு. போல்ட்டைத் தூக்கி மீண்டும் மூடினால் சரியாகும்.

விசை கனமாக இருக்கிறது

ருகரின் விசையைக் கையேட்டின்படி 3 பவுண்டு முதல் 5 பவுண்டு வரை மாற்றலாம். சிசெட் 457இல் கனத்தோடு நகரும் தூரத்தையும் மாற்றலாம். சுருள்வில்லை வெட்டிக் குறைப்பது, உரசும் பரப்புகளைத் தேய்ப்பது ஆகியவற்றைக் காணொளி பார்த்துச் செய்ய வேண்டாம். எந்த மாற்றத்துக்குப் பிறகும் காலி ரைபிளின் போல்ட்டைப் பலமுறை வேகமாக அறைந்து மூடியும், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டியும், பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்து, விரலை எடுத்தபின் பூட்டை விடுவித்தும் பாருங்கள். ஒருமுறை தானாக ஊசி விழுந்தாலும் பழைய அமைப்புக்கே திரும்ப வேண்டும்.

தோட்டா ஏறும்போது முட்டுகிறது, அல்லது வெற்றுக் கூடு வெளிவர மறுக்கிறது

முட்டிய தோட்டாவை எடுத்து அதன் மூக்கைப் பாருங்கள். ஈயம் ஒரு பக்கம் மட்டும் சீவப்பட்டிருந்தால் மேகசின் உயரத்திலோ அதன் உதடுகளிலோ கோளாறு. இன்னொரு மேகசினில் அதே தோட்டாக்கள் தடையின்றி ஏறுகின்றனவா என்று பார்ப்பதே விரைவான சோதனை. வேறு நிறுவனத்தின் ஸ்டாக்கை மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், மேகசின் முன்பைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது என்றே பெரும்பாலும் முடியும்.

கூடு வெளிவராவிட்டால் போல்ட்டின் கொக்கியின் கீழே பல்குத்தும் குச்சியை விட்டுக் கரியை எடுங்கள். மெழுகும் கரியும் அங்கே கெட்டியாகச் சேர்ந்திருக்கும். போல்ட்டை அரைகுறையாக இழுப்பதும் இதே அறிகுறியைக் காட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் குரூப் சுருங்கவில்லை

இப்போதுதான் குழல் மாற்றும் பேச்சுக்கு இடம். சிசெட் 457இல் இரண்டு திருகுகளைத் தளர்த்திக் குழலைக் கழற்றலாம். சாவேஜ் மார்க் 2இல் குழல் அழுத்திப் பொருத்தி ஊசியடிக்கப்பட்டிருப்பதால் வீட்டு மேசையில் செய்யும் வேலையல்ல அது. புதிய குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்ய வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறு. ரைபிள் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், குழலுக்குப் பணம் கொடுக்கும் முன், பத்துக் குண்டுக் குரூப் நான்கைந்தின் தாள்களையும் தோட்டாவின் லாட் எண்ணையும் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். ஸ்டாக்கைத் தேய்த்திருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.